ஓட்டு உரிமைக்கு வாதாடிய இரட்டைமலை சீனிவாசன்

செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-ல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களின் குறைகளை எழுதினார்.

1930, 1931-ல் லண்டன் வட்டமேஜை மாநாடுகளில் அம்பேத்கருடன் கலந்து கொண்டார். தங்கள் பிரதிநிதியைத் தங்கள் மக்களின் ஓட்டே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இருவரும் வாதாடினர். பிறர் ஓட்டால் ஜெயித்தவர் பிறருக்கே கட்டுப்படுவார் என்பது அவர்கள் அச்சம்.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு இணங்கியது. சென்னை மாகாணத்தில் 18 இடங்கள் கிடைத்தன. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. இடங்கள் 30 ஆயின. ஆனால், முடிவான தேர்தலில் எல்லாச் சாதியாரும் சேர்ந்தே ஓட்டளிப்பது என்றாயிற்று.

1945-ல் சீனிவாசன் மறைந்தார். இடம் கூடியது லாபமா, தனி ஓட்டு போனது நஷ்டமா? அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.