அறிஞர் ஜகதீச சந்திர போஸ்

காஞ்சி மாநகரை அடுத்துப் பாலாற்றங்கரையில் ஓரிக்கை என்னும் ஊர் உள்ளது. அங்குப் பட்டு நெய்வோர், சரிகையில் ஓர் இழையும் வீணாகாதவாறு தறியில் கருத்தூன்றுவர். அவ்வாறே, மிகச் சிறிய ஆற்றலையும் வீணாக்காது பயன்கொள்ளும் கலை இன்று அறிவியலில் வளர்ந்து வருகிறது. அக்கலைக்கு வித்திட்ட பெரியோருள் ஒருவர் ஜகதீச சந்திர போஸ்.

இவர் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் வங்க நாட்டில் பிறந்தார். இவர்தம் தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க அலுவலர். மகன் முதற்கண் தாய்மொழியைக் கற்றல் வேண்டும் எனக் கருதி, அவர் அவனை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். உழவர் மக்களும் மீனவர் மக்களும் அங்கு இவருக்குத் தோழராயினர். பின்னர்க் கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற போஸ், 1885இல் கல்கத்தாப் பிரெசிடென்சிக் கல்லூரியில் பேராசிரியரானார்.

அந்நாளில் ஐரோப்பிய ஆசிரியர் பெற்ற ஊதியத்தினும் குறைந்த ஊதியமே இந்தியர்க்கு அளிக்கப்பட்டது. அம்முறை தகாது எனக் கருதிய போஸ், தம் ஊதியத்தைப் பெற மறுத்தார். தந்தையாரோ கடன்பட்டிருந்தார், குடும்பம் வறுமையுற்றது. எனினும் மூன்றாண்டுகள் ஒரு காசும் பெறாது, கற்பிக்கும் கடமையில் சிறிதும் குறை வையாது உழைத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவரான அபலா அம்மையார், 1887இல் இவரை மணந்து இத்துன்பத்தில் பங்கு கொண்டார். முடிவில் முழு ஊதியமும் நிலுவையுடன் வந்தது. அதனைக்கொண்டு போஸ் தந்தையாரின் கடனைத் தீர்த்தார்.

கல்லூரியில் இவர்க்குத் தக்க ஆய்வுக்கூடம் இல்லை. சிறியதோர் அறையில், தகரவேலை செய்யும் தொழிலாளி ஒருவரைப் பழக்கி, வேண்டிய கருவிகளைச் செய்வித்துக்கொண்டார். அவற்றால் சில மில்லிமீட்டர் நீளமே உடைய மின்னலைகளை உண்டாக்கினார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவ்வலைகள் கம்பியின்றிச் சுவரையும் ஊடுருவிச் சென்று, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தன. கண்டோர் வியந்தனர்.

தொலைவிலிருந்து வரும் அலை மிக மெலிந்திருக்கும். அதனை உணர்தற்கு ஈயக் கனிமமாகிய கலீனாவைப் போஸ் பயன்படுத்தினார். நண்பர்கள் வற்புறுத்தவே, 1904இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் அதனைக்கொண்டு பொருளீட்ட அவர் விழையவில்லை. அறிவு அனைவர்க்கும் பொது என்பதே அவர் கொள்கை. பிற்காலத்தில் கலீனாப் படிகம் அமைந்த எளிய வானொலிகள் தோன்றின. அவற்றுக்கு மின்கலம் வேண்டுவதில்லை. வானில் வந்த அலையின் ஆற்றலே காதொலிக் கருவியை ஒலிக்கச் செய்தது.

இன்று காஞ்சிபுரத்தின் அருகே செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், வண்டிகளின் கண்ணாடியில் ஃபாஸ்டாக் வில்லை ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அதிலும் மின்கலம் இல்லை. சுங்கச்சாவடிக் கருவி விடுக்கும் அலையை அதன் மெல்லிய உலோகத்தகடு ஏற்கிறது. நுண்ணிய சில்லு அவ்வாற்றலால் விழித்தெழுகிறது. தானாக அலையொன்றை உண்டாக்கின் ஆற்றல் மிகுதியாகச் செலவாகும். ஆதலின் வந்த அலையையே சிறிது மாற்றித் திருப்பியனுப்பித் தன் எண்ணை அறிவிக்கிறது. அலை நின்றதும் உறங்கிவிடுகிறது. உள்ளது சிறிதாயினும் வேண்டும்பொழுது மட்டும் செலவிடுதலே இக்கலையின் நுட்பம்.

போஸ் 1917இல் கல்கத்தாவில் தம் பெயரால் வழங்கும் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, 1937ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள் மறைந்தார். வசதி குறைந்த சிற்றறையில் தொடங்கிய அவர் பணி உலகெங்கும் பரவியது. சிறியது என எதனையும் இகழாமையும், உரிமைக்காகத் துன்பம் பொறுத்தலும், பெற்ற அறிவைப் பிறர்க்கு வழங்குதலும் அவர் வாழ்வு உணர்த்தும் பாடங்களாகும்.