பூட்டுக்காரர் மகன் செய்த தோட்டா

1866-ம் ஆண்டு ஜூலை மாதம் 3-ந் தேதி.

ஐரோப்பாவில் கோனிக்ராட்ஸ் என்ற ஊருக்கு அருகே பெரும் சண்டை மூண்டது. அந்த ஊர் இப்போது செக் நாட்டில் இருக்கிறது.

ஒரு பக்கம் ஆஸ்திரியா. மறு பக்கம் பிரஷ்யா. ஜெர்மனியின் வட பகுதியை ஆண்ட அரசுதான் பிரஷ்யா. இரு தரப்பிலும் சேர்ந்து 4 லட்சம் பேருக்கு மேல் களத்தில் இறங்கினார்கள்.

ஆஸ்திரிய சிப்பாய்கள் நின்றுகொண்டே துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்தார்கள். பிரஷ்ய சிப்பாய்களோ தரையில் படுத்தபடியே சுட்டார்கள். ஆஸ்திரியர் ஒரு முறை சுடுவதற்குள் அவர்கள் பல முறை சுட்டுவிட்டார்கள்.

மாலைக்குள் முடிவு தெரிந்துவிட்டது. பிரஷ்யா வென்றது.

பிரஷ்யர் கையில் இருந்த துப்பாக்கியையும், அதற்கு உரிய தோட்டாவையும் உருவாக்கியவர் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். அவர் பெயர் நிக்கோலாஸ் டிரைசே. அப்போது அவருக்கு வயது 78.

பாரிசில் வேலை

ஜெர்மனியில் சொம்மர்டா என்று ஒரு சிற்றூர். அங்கே 1787-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி டிரைசே பிறந்தார். தகப்பனாரிடமே பூட்டுத் தொழில் பழகினார். பிறகு வேலை தேடி வெளியூர் சென்றார்.

1809-ம் ஆண்டில் பாரிஸ் நகரம் போய்ச் சேர்ந்தார். அது நெப்போலியன் ஆண்ட காலம். சுவிட்சர்லாந்துக்காரரான பௌலி என்பவர் அங்கே துப்பாக்கிப் பட்டறை வைத்திருந்தார். டிரைசே அதில் வேலைக்கு அமர்ந்தார். 1814 வரை பாரிசில் இருந்தார்.

அந்தக் காலத்தில் துப்பாக்கி சுடுவது எளிய காரியம் அல்ல. மருந்தும் குண்டும் ஒரு காகிதப் பொட்டலத்தில் இருக்கும். அதுதான் அன்றைய தோட்டா. சிப்பாய் அதைப் பல்லால் கடித்துக் கிழிப்பான். மருந்தைத் துப்பாக்கியின் வாய் வழியாகக் கொட்டுவான். குண்டைப் போடுவான். நீண்ட கம்பியால் இடித்து இறுக்குவான். பிறகு சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் மருந்தைப் பற்ற வைக்க வேண்டும். மழை பெய்தால் துப்பாக்கி வெறும் கட்டைதான்!

நம் நாட்டில் 1857-ம் ஆண்டு சிப்பாய்கள் கொதித்து எழுந்தார்கள் அல்லவா? பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கச் சொல்கிறார்கள் என்ற பேச்சு அதற்கு ஒரு காரணம். அதுவும் இப்படிப்பட்ட காகிதத் தோட்டாதான்.

இந்தத் தொல்லைக்கு பௌலி ஒரு வழி கண்டார். குண்டு, மருந்து, மருந்தைப் பற்ற வைக்கும் பொருள் ஆகிய மூன்றையும் ஒரே தோட்டாவில் அடக்கினார். துப்பாக்கியின் பின்பக்கம் வழியாக அதைப் போடும்படி செய்தார். 1812-ம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்றார். ஆனால் எந்தப் பட்டாளமும் அதை ஏற்கவில்லை.

பௌலியின் யோசனை டிரைசேயின் மனதில் பதிந்துவிட்டது.

ஊசித் துப்பாக்கி

டிரைசே ஊர் திரும்பினார். ஒரு வியாபாரியுடன் கூட்டுச் சேர்ந்து இரும்புச் சாமான் தொழிற்சாலை தொடங்கினார். 1824-ம் ஆண்டில் துப்பாக்கிக்கான கேப்பு செய்ய உரிமை பெற்றார். தீபாவளிக்குக் குழந்தைகள் பொட்டு வெடி வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேப்பும் அது போலத்தான். ஓங்கி அடித்தால் தீப்பொறி கிளம்பும்.

இந்தக் கேப்பைத் தோட்டாவுக்கு உள்ளேயே வைத்துவிட்டால் என்ன என்று டிரைசே எண்ணினார்.

அவர் செய்த தோட்டாவும் காகிதத்தால் ஆனதுதான். முன்னால் முட்டை வடிவமான ஈயக் குண்டு. அதன் அடியில் காகிதக் கூழால் செய்த கிண்ணம். கிண்ணத்தின் அடியில் கேப்பு. அதற்கும் பின்னால் வெடி மருந்து.

விசையை இழுத்தால் ஒரு நீண்ட ஊசி பாயும். காகிதத்தைத் துளைத்து, மருந்தின் ஊடே சென்று, கேப்பைக் குத்தும். குண்டு பறக்கும். அதனால் இதற்கு ஊசித் துப்பாக்கி என்று பெயர் வந்தது.

முதலில் செய்த துப்பாக்கியில் தோட்டாவை வாய் வழியாகவே போட வேண்டி இருந்தது. இடிக்கும்போதே வெடித்துவிடும் அபாயம் இருந்தது. டிரைசே மனம் தளரவில்லை. மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்.

1836-ம் ஆண்டில் சரியான வழி கிடைத்தது. துப்பாக்கியின் பின்பக்கத்துக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டார்! நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் போலவே அதற்கும் ஒரு பிடி உண்டு. பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் வழி திறக்கும். தோட்டாவை வைத்து, முன்னால் தள்ளி மடக்கினால் மூடிக்கொள்ளும். பூட்டுக்காரர் மகனுக்குக் கைவந்த வேலை அல்லவா?

ரகசியம்

1840-ம் ஆண்டில் பிரஷ்ய அரசு 60 ஆயிரம் துப்பாக்கிகள் செய்யச் சொன்னது. ரகசியம் வெளியே தெரியக்கூடாது என்று அதற்கு வேறு பெயரும் வைத்தது.

குறைகளும் இருந்தன. தாழ்ப்பாள் இடுக்கில் புகையும் நெருப்பும் கசிந்தன. மருந்தின் சூட்டில் ஊசி அரித்து ஒடிந்தது. சிப்பாய்கள் மாற்று ஊசி வைத்துக்கொள்ள வேண்டி இருந்தது. பல நாட்டுத் தளபதிகள் இதைக் கண்டு சிரித்தார்கள். சிப்பாய் தோட்டாவை வீணடிப்பான் என்றும் சொன்னார்கள்.

1864-ம் ஆண்டில் பிரஷ்ய அரசு டிரைசேக்குப் பிரபு பட்டம் கொடுத்தது.

இரண்டு ஆண்டு கழித்து கோனிக்ராட்ஸ் போர் வந்தது. ரயில் வண்டிகளும், தளபதி மோல்ட்கேயின் திட்டமும் வெற்றிக்கு உதவின. ஆனாலும் ஊசித் துப்பாக்கியின் வேலை பெரிது. ஆஸ்திரியா பக்கம் மாண்டவர், காயம் பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்ந்து சுமார் 44 ஆயிரம் பேர். பிரஷ்யா பக்கம் சுமார் 9 ஆயிரம் பேர்தான்.

சிரித்த தளபதிகள் வாயடைத்துப் போனார்கள்.

1867-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி டிரைசே சொந்த ஊரில் காலமானார்.

திரும்பி வந்த குண்டு

பிரான்ஸ் நாடு சும்மா இருக்கவில்லை. ஊசித் துப்பாக்கியைப் பார்த்து, அதைவிடச் சிறந்த ஒன்றைச் செய்தது. அதன் பெயர் ஷாஸ்போ. புகை கசியாமல் இருக்க அதில் ரப்பர் வளையம் வைத்தார்கள். அது ஊசித் துப்பாக்கியைப் போல் இரண்டு மடங்கு தூரம் சுட்டது.

1870-ம் ஆண்டு பிரான்சும் பிரஷ்யாவும் மோதின. ஆகஸ்டு 18-ந் தேதி சென்பிரிவா என்ற ஊரில் பிரஷ்யாவின் காவல் படை வெட்டவெளியில் முன்னேறியது. அவர்களுடைய துப்பாக்கிக்கு எதிரி எட்டவில்லை. எதிரியின் குண்டு அவர்களை எட்டியது. சுமார் 8 ஆயிரம் பேர் மாண்டும் காயம் பட்டும் விழுந்தார்கள். 4 ஆண்டுக்கு முன் ஆஸ்திரியர் பட்ட பாட்டை அன்று அவர்கள் பட்டார்கள். பீரங்கிகள் கைகொடுத்ததால்தான் பிரஷ்யா அந்தப் போரில் வென்றது.

பிறகு காகிதம் போய்ப் பித்தளைத் தோட்டா வந்தது. பித்தளை சூட்டில் விரிந்து இடுக்கை அடைத்ததால் கசிவு நின்றது. 1871-ம் ஆண்டு ஜெர்மனி ஏற்ற மௌசர் துப்பாக்கி அந்த வகைதான். 1884-ம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் பால் வியேய் புகையில்லாத மருந்து கண்டுபிடித்தார். குண்டு இன்னும் வேகமாக, இன்னும் தூரமாகப் போயிற்று.

ஆனாலும் குண்டு, மருந்து, கேப்பு மூன்றும் ஒரே பொட்டலத்தில் இருக்கும் முறை மாறவில்லை. இன்றும் உலகின் பல நாடுகளில் தாழ்ப்பாள் போட்ட ரைபிள்கள் இருக்கின்றன.

டிரைசே தன் நாட்டுக்காக 20 ஆண்டுக்கு மேல் பாடுபட்டுத் தோட்டாவும் துப்பாக்கியும் செய்தார். அந்த வித்தை அவர் நாட்டுக்கு மட்டும் சொந்தமாக இருந்தது கொஞ்ச காலம்தான்.