மேரி வுல்ஸ்ரன்கிறாஃப்ற் என்னும் தாய்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அந்த மறுபிறப்பு வாய்க்காது மறைந்த அன்னையர் கோடானுகோடி. அவர்களுள் ஒருவரின் வரலாற்றையே இன்று ஈண்டு எழுத முற்படுகின்றேன். பெண்ணுரிமை பற்றிப் பேசுவோர் அனைவரும் அவர் பெயரை அறிவர். 1792ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல் பல்கலைக்கழக வகுப்புகளிலே இன்றும் பயிலப்படுகின்றது. ஆயின் மேரி வுல்ஸ்ரன்கிறாஃப்ற் அம்மையாரை நூலாசிரியராக மட்டும் அறிதல் அவரைப் பாதியளவே அறிதலாகும் என்பது என் கருத்து. அவர் ஒரு தாய். துணையின்றித் தனித்து நின்று குழந்தையை வளர்த்த தாய். மற்றொரு குழந்தையைப் பெற்றெடுத்த பதினோராம் நாள் உயிர்நீத்த தாய். இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்பொழுதே அவர் வாழ்வின் முழு வடிவும் நமக்குப் புலனாகும்.

மேரி 1759ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆந் திகதி இலண்டன் மாநகரின் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியிலே பிறந்தார். பாட்டனார் நெசவுத்தொழிலாற் பெரும்பொருள் ஈட்டியவர். தந்தையோ அப்பொருளைக் கரைத்தவர். குடிப்பழக்கமும் கடுஞ்சினமும் உடையவர். குடித்துவிட்டு வரும் தந்தை தாயை அடியாதவாறு தடுப்பதற்காகத் தாயின் அறைவாயிலிலே படுத்திருந்த சிறுமியாகவே மேரியை நாம் முதன்முதலிற் காண்கின்றோம். தாய்மையின் துன்பத்தை அவர் ஏட்டிலே கற்கவில்லை; வாயிற்படியிலே கற்றார்.

இரண்டாம் பாடத்தைத் தங்கை எலைசாவின் வாழ்விலே கற்றார். 1783ஆம் ஆண்டிலே ஒரு பெண்மகவைப் பெற்ற எலைசா, பேற்றின் பின் மனம் பேதலித்துப் போனாள். கணவன் வீட்டில் இருந்தால் அவள் தேறமாட்டாள் என்று மேரி முடிவு செய்தார். 1784ஆம் ஆண்டு தை மாதத்திலே தங்கையை இரகசியமாக அழைத்துக்கொண்டு வெளியேறினார். ஆனால் குழந்தையை அழைத்துவர இயலவில்லை. அந்நாளைய ஆங்கிலச் சட்டத்தின்படி பிள்ளை தந்தைக்கே உரியது. பெற்றவளுக்கு அதன்மேல் எவ்வுரிமையும் இல்லை. விட்டு வந்த அக்குழந்தை ஓராண்டு நிறைவதற்கு முன்னரே இறந்தது. தங்கையைக் காப்பதற்கு அவளுடைய சேயைப் பிரிக்க வேண்டியிருந்தது என்னும் இந்நிகழ்ச்சியை மனத்திற்கொண்டாலன்றி, பின்னாளிலே தன் மகளை மேரி எவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டார் என்பது நமக்கு விளங்காது.

மூன்றாம் பாடம் எல்லாவற்றினுங் கொடியது. ஃபனி பிளட் என்பவர் மேரியின் ஆருயிர்த் தோழி. இருவரும் மேரியின் தங்கையருடன் சேர்ந்து நியூயிங்டன் கிறீன் என்னுமிடத்திலே ஒரு பாடசாலை நடத்தினர். காசநோயால் மெலிந்திருந்த ஃபனி, மணம் முடித்து லிஸ்பன் நகருக்குச் சென்று அங்கே கருவுற்றார். தோழியின் பேற்றுக்கு உடனிருக்க வேண்டுமென்று பாடசாலையையும் விட்டுவிட்டு 1785ஆம் ஆண்டின் இறுதியிலே மேரி கடல் கடந்தார். குறைமாதப் பிரசவத்திலே ஃபனி மேரியின் அருகிலேயே உயிர்விட்டார்; குழந்தையும் பிழைக்கவில்லை. திரும்பி வந்தபொழுது பாடசாலையும் நலிந்து போயிருந்தது. அப்பொழுது மேரிக்கு வயது இருபத்தாறு.

அதன்பின் அயர்லாந்திலே ஒரு பிரபு குடும்பத்தில் ஆசிரியையாக இருந்ததும், இலண்டனுக்குத் திரும்பி ஜோசப் ஜோன்சன் என்னும் பதிப்பாளரின் ஆதரவிலே எழுத்தையே தொழிலாக்கிக் கொண்டதும், பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்து 1790இலும் பெண்ணுரிமையை வலியுறுத்தி 1792இலும் நூல்கள் வெளியிட்டதும் பலரும் அறிந்தவை. பெண்ணுரிமை நூலைத் தாய்மைக்கு எதிரான நூலென்று படியாதோர் சிலர் எண்ணுவர். அதிலே தாய்மைக்குக் குறைந்த இடமில்லை. அறிவு பெறாத பெண் நல்ல தாயாதல் அரிது என்பதும், பெற்ற தாயே பிள்ளைக்குப் பாலூட்ட வேண்டும் என்பதும் அந்நூலின் கருத்துகள். கணவனை இழந்த பெண்ணொருத்தி, கல்வியும் மனத்திண்மையும் உடையவளாயின், மக்களைத் தனியே வளர்த்து ஆளாக்குவாள் என்றொரு சித்திரமும் அதில் இடம்பெறுகின்றது. அதனை வரைந்த காலத்தில் மேரிக்குக் குழந்தை இல்லை. தாம் வரைந்த சித்திரத்துக்குள்ளே தாமே புகுந்து நிற்க வேண்டிவரும் என்று அவர் எண்ணியிருக்கவும் மாட்டார்.

1792ஆம் ஆண்டு மார்கழியிலே புரட்சியை நேரிற் காணப் பாரிஸ் சென்றார். அங்கே கில்பேட் இம்லே என்னும் அமெரிக்கனைச் சந்தித்தார். இருவரும் திருமணப் பதிவின்றியே இணைந்தனர். பிரித்தானியாவும் பிரான்சும் போரில் இறங்கிவிட்டமையாற் பாரிஸிலிருந்த ஆங்கிலேயர் சிறையிடப்பட்டனர். அந்த ஆபத்திலிருந்து காக்கும் பொருட்டு 1793ஆம் ஆண்டிலே அமெரிக்கத் தூதரகத்தில் மேரியைத் தன் மனைவியென்று இம்லே பதிவு செய்தான். அச்சீட்டு அவரது உயிரைக் காத்தது, வாழ்வைக் காக்கவில்லை.

1794ஆம் ஆண்டு மே மாதம் 14ஆந் திகதி ஹாவ்ர் துறைமுக நகரிலே பெண்குழந்தை பிறந்தது. லிஸ்பனில் மறைந்த தோழியின் பெயரையே மகளுக்கு இட்டார். பேறு இலகுவாக நிகழ்ந்தது. தாய் விரைவில் எழுந்து நடமாடினார், தாமே பாலூட்டினார், குழந்தையைக் கண்ட பெரியம்மை நோயைப் பக்கத்திலிருந்து மாற்றினார். தந்தையோ வணிகத்தைக் காரணங்காட்டி முதலிற் பாரிஸுக்கும் பின்னர் இலண்டனுக்கும் சென்றுவிட்டான். அந்தப் பனிக்காலம் பாரிஸ் மக்கள் மறக்கவியலாதது. பாணுக்கும் விறகுக்கும் மக்கள் தவித்தனர். அவ்வேளையிலே கைக்குழந்தையோடு, வருவேன் வருவேன் என்று கடிதம் மட்டும் எழுதிக்கொண்டிருந்த ஒருவனுக்காகக் காத்திருந்தார் மேரி.

1795ஆம் ஆண்டு சித்திரையில் இலண்டனுக்கு வந்தபொழுது இம்லேயின் மனம் வேறொருத்தியிடம் போய்விட்டதைக் கண்டார். வைகாசியில் உயிரை விட முயன்றார், காப்பாற்றப்பட்டார். அதற்கு அடுத்து அவர் செய்ததை எண்ணுந்தோறும் நான் வியப்படைகின்றேன். ஒரு வயது நிரம்பிய குழந்தையையும் ஒரு பணிப்பெண்ணையும் அழைத்துக்கொண்டு சுவீடன், நோர்வே, டென்மார்க் ஆகிய நாடுகளுக்குக் கப்பலேறினார். இம்லேக்குச் சொந்தமான வெள்ளி ஏற்றிய கப்பலொன்று காணாமற்போன வழக்கை விசாரிப்பதே பயணத்தின் நோக்கம். கைவிட்டவனின் வணிகக் காரியத்தைக் கைவிடப்பட்டவரே சென்று பார்த்தார். நோர்வேக்குச் சென்றபொழுது குழந்தையைச் சுவீடனிற் பணிப்பெண்ணிடம் விட்டுச் செல்ல நேர்ந்தது. அந்தச் சில வாரப் பிரிவையே அவராற் பொறுக்க முடியவில்லை. அப்பயணத்தைப் பற்றி 1796இல் வெளியிட்ட நூலிலே மலையும் கடலும் அருவியும் வருகின்றன. அவற்றிடையே தம் மகளும் ஒரு பெண்ணாகப் பிறந்துவிட்டாளே, இவ்வுலகம் அவளை என்ன செய்யுமோ என்னும் ஏக்கமும் மீண்டும் மீண்டும் வருகின்றது.

திரும்பி வந்தபொழுது இம்லே மற்றொருத்தியுடன் வாழ்ந்துகொண்டிருந்தான். 1795ஆம் ஆண்டு ஐப்பசியில், மழை பெய்த ஓர் இரவிலே, மேரி தேம்ஸ் நதியில் வீழ்ந்தார். நினைவிழந்த நிலையிலே மீட்கப்பட்டார்.

பகுத்தறிவைப் போற்றியவர், ஓர் ஆடவன் பொருட்டு இவ்வாறு நிலைகுலையலாமா? அவர் வாழ்வே அவர் நூலுக்கு மறுப்பாகாதா? இவ்வாறு கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். நான் அவர்களோடு உடன்படேன். பேற்றின் பின் பெண்ணின் மனத்தைக் கவ்வும் சோர்வை மருத்துவர்கள் இன்று நோயென்றே ஏற்றுச் சிகிச்சை அளிக்கின்றனர். மேரிக்கு வந்ததும் அதுவே என்று சாதிக்க நான் வரவில்லை. ஆயினும் பாலூட்டும் உடல், உறக்கமற்ற இரவுகள், அந்நிய நாடு, போர், வறுமை, நம்பினவனின் துரோகம், தாலியற்ற தாயென்று தூற்றக் காத்திருக்கும் ஊர், இவையனைத்தும் ஒருங்கே அழுத்தும்பொழுது எந்த மனந்தான் தாங்கும்? அவர் விழுந்தார் என்பது பெரிதன்று. எழுந்தார் என்பதே பெரிது. இம்லேயின் பணத்தைத் தமக்கென ஏற்க மறுத்தார். மறுபடியும் எழுதினார், எழுத்தால் வந்த வருவாயிலே குழந்தையைக் காத்தார். அச்சிறுமிக்கென எளிய சொற்களாலே பாடங்கள் எழுதத் தொடங்கினார். தாய் பேசும் மொழியிலே, சோறும் பாலும் பூனையும் நாயும் வரும் அப்பாடங்கள் முற்றுப்பெறாத நிலையில் அவர் மறைந்த பின்னரே அச்சேறின.

1796ஆம் ஆண்டிலே தத்துவ அறிஞர் வில்லியம் கொட்வினுடன் நட்பு மலர்ந்தது. மேரி மீண்டும் கருவுற்றபொழுது இருவரும் 1797ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆந் திகதி மணம் செய்துகொண்டனர். இத்திருமணத்தினால் அவருக்குக் கிடைத்தது மதிப்பன்று. இம்லேயுடன் திருமணம் நிகழவில்லை என்பது இதனால் வெளிப்பட்டுவிட்டமையின் நண்பர் சிலர் உறவை முறித்தனர்.

ஓகஸ்ட் 30ஆந் திகதி அதிகாலையிலே நோவு தொடங்கிற்று. ஆண் வைத்தியரிலும் மருத்துவிச்சியே தகுந்தவர் என்பது மேரியின் கொள்கை. அவ்வாறே ஒரு மருத்துவிச்சி உடனிருந்தார். இரவு பதினொரு மணிக்கு மேற் பெண்குழந்தை பிறந்தது. ஆனால் நஞ்சுக்கொடி வெளிவரவில்லை. நள்ளிரவு கடந்த பின் அழைக்கப்பட்ட வைத்தியர் தம் கையினாலேயே அதைத் துண்டு துண்டாக எடுத்தார். குருதி பெருகிற்று, மேரி பலமுறை மயங்கினார். முழுவதும் எடுத்தாயிற்று என்றே வைத்தியர் நம்பினார். நான்காம் நாளன்று உடல் நடுங்கக் குளிர்க்காய்ச்சல் கண்டது. தாய்ப்பால் குழந்தைக்கு ஆகாதென்று தடுத்து, கட்டிய பாலை வெளியேற்ற நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்தனர். பெற்றவளே பாலூட்ட வேண்டுமென்று வாதாடியவரின் இறுதி நாட்கள் இவ்வாறு கழிந்தன. செப்டெம்பர் 10ஆந் திகதி காலையிலே, முப்பத்தெட்டாம் வயதில், மேரி மறைந்தார்.

நம் கிராமத்து முதியோர் பிரசவச் சன்னி என்று அஞ்சிய நோயே அது. கழுவாத கையின் வழியே கிருமி கருப்பைக்குள் புகுவதும், எஞ்சிய நஞ்சுக்கொடி அதற்கு இரையாவதும் அக்காலத்தார் அறியாதவை. இரண்டாண்டுகளுக்கு முன்னர்தான், 1795இல், அபடீன் நகர வைத்தியர் அலெக்சாண்டர் கோடன், இந்நோயை வைத்தியரும் மருத்துவிச்சியருமே ஒருத்தியிடமிருந்து மற்றொருத்திக்குச் சுமந்து செல்கின்றனர் என்று எழுதியிருந்தார். அவரை ஊர் வெறுத்தது. 1847இல் வியன்னாவிலே செம்மல்வைஸ், மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரிலே கைகழுவச் செய்து மரணங்களைக் குறைத்துக் காட்டினார். அவரையும் பலர் ஏற்கவில்லை. 1930களிலே சல்பனமைட் மருந்துகள் வந்த பின்னரே இந்நோயின் கொடுமை ஒடுங்கிற்று. ஒரு கோப்பை நீரும் சிறிது மருந்துப்பொடியும் செய்திருக்கக்கூடிய காரியம், அறியாமையால் ஓர் அரிய உயிரைக் கொண்டுபோயிற்று.

மறைந்த பின்னும் அவரை உலகம் விடவில்லை. 1798இலே கொட்வின் மனைவியின் வாழ்க்கையை ஒன்றையும் மறையாது எழுதி வெளியிட்டார். அன்பினாற் செய்த அச்செயல் பழியாய் முடிந்தது. அரசியலிற் பகைத்த ஓர் இதழ், தன் பொருளகராதியிலே பரத்தைமை என்னும் தலைப்பின்கீழ் மேரியின் பெயரைச் சுட்டியது. தனியே பிள்ளை வளர்த்த குற்றத்துக்காக அவரது நூலே நெடுங்காலம் ஒதுக்கி வைக்கப்பட்டது.

அவர் விட்டுச்சென்ற இரு பெண்மக்களின் கதையையும் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. மூன்று வயதிலே தாயை இழந்த ஃபனி, இருபத்திரண்டாம் வயதில், 1816இலே சுவான்சி நகரில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். பத்து நாள் மட்டும் தாயைப் பெற்றிருந்த இளையவள், தாயின் பெயரையே தாங்கி, தாயின் கல்லறையருகே அமர்ந்து படித்து வளர்ந்தாள். அவளே பின்னாளில் மேரி ஷெல்லி. படைத்தவனாற் கைவிடப்பட்ட உயிரொன்றின் துயரை 1818இல் நாவலாக்கி உலகுக்கு அளித்தவர். அவரும் பெற்ற குழந்தைகள் மூவரைப் பறிகொடுத்தார். 1822இலே கருச்சிதைவினாற் குருதி பெருகி மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். சில வாரங்களுள் கணவர் கடலில் மூழ்கினார். இருபத்துநான்கு வயது விதவை, எஞ்சிய ஒரே மகனை எழுதுகோலின் துணையாலே வளர்த்து ஆளாக்கினார்.

கல்வியும் மனத்திண்மையும் உடைய பெண் மக்களைத் தனியே வளர்ப்பாள் என்று தாய் வரைந்த சித்திரத்தை, தாயின் முகத்தையே அறியாத மகள் இவ்வாறு நிறைவு செய்தார். நூலிற் கூறியது பொய்த்ததென்று யார்தான் சொல்ல வல்லார்?