ஆஜர் தவறாத ஆட்டக்காரர் லூ கெரிக்

கிரிக்கெட்டை நன்கறிந்த நம் அன்பர்களுக்கு அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டம் சற்றுப் புதிதாகத் தோன்றலாம். அங்கும் மட்டையுண்டு, பந்துண்டு, ஓட்டமுண்டு. விக்கெட்டுக்கு மாறாகச் சதுரமாக அமைந்த நான்கு தளங்கள் உண்டு. பந்தை எல்லைக்கு அப்பால் அடித்துவிட்டு நான்கு தளங்களையும் சுற்றி வருவதை ஹோம் ரன் என்பர். நம் சிக்ஸர் போன்றது என்று கொள்ளலாம். இவ்வளவு தெரிந்தால் போதும். நியூயார்க் யாங்கீஸ் என்னும் பெருங்குழுவில் முதல் தளத்தைக் காத்து நின்ற லூ கெரிக்கின் வரலாற்றைத் தொடர்ந்து வர இதற்கு மேல் தேவையில்லை.

லூ கெரிக் 1903ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து பிழைப்பு நாடிக் கடல் கடந்து வந்தவர்கள். அவர்களுக்குப் பிறந்த மக்கள் நால்வரில் தங்கியவர் இவர் ஒருவரே. வீட்டில் பேசியது ஜெர்மன் மொழி, வீதியில் ஆங்கிலம். இத்தகைய இல்லம் எப்படியிருக்குமென்று நம் சங்கத்தாருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. தந்தையார் தகடு வேலை செய்பவர், நோயாளி, வேலை கிடைத்த நாட்களைவிடக் கிடைக்காத நாட்களே மிகுதி. அன்னையார் பிறர் வீடுகளில் சமைத்துக் குடும்பத்தைக் காத்தார். கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் விடுதியொன்றிலும் அவர் சமையல் செய்தார். அங்கே தட்டுகளை எடுத்து உதவிய அச்சிறுவரே பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். மகன் பொறியியல் வல்லுநராக வேண்டுமென்பது அந்தத் தாயின் கனவு.

அக்கனவு நிறைவேறவில்லை. 1920இல் பள்ளிக் குழுவோடு ரயிலேறிச் சிகாகோ சென்றபோதே, இறுதிக் கட்டத்தில் மூன்று தளங்களிலும் ஓட்டக்காரர்கள் காத்து நிற்க, மைதானத்துக்கு வெளியே பந்தை அடித்து நான்கு ஓட்டங்களை ஒரே அடியில் பெற்றுத் தந்தவர் அவர். அப்போது வயது 17. 1923இல் வீட்டில் நோயும் கடனும் சூழ்ந்தபோது யாங்கீஸ் குழுவினர் 1,500 டாலர் முன்பணம் கொடுக்க முன்வந்தனர். படிப்பைவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அன்னையார் வருந்தினார்.

1925 ஜூன் 2ஆம் நாள் முதல் தளத்தில் வழக்கமாக நிற்கும் வாலி பிப் என்பவருக்கு மாற்றாகக் கெரிக் நிறுத்தப்பட்டார். பிப்புக்குத் தலைவலி, ஒருநாள் ஓய்வு கேட்டார், இடமே போய்விட்டது என்று ஒரு கதை வழங்குகிறது. விடுப்புக் கேட்க அஞ்சுவோர் நெஞ்சில் ஆழப் பதியும் கதைதான். எனினும் குழு தொடர்ந்து தோற்றமையால் நிர்வாகி ஹக்கின்ஸ் அன்று பலரை ஒருசேர மாற்றினார் என்பதே உண்மைக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது.

காரணம் எதுவாயினும் கெரிக் அதன்பின் நகரவில்லை. முந்திய நாள் வேறொருவருக்காக ஒருமுறை மட்டை பிடித்ததையும் சேர்த்து, 1939 ஏப்ரல் 30 வரை 2,130 ஆட்டங்கள், ஒன்றுகூட விடாமல் ஆடினார். ஓராண்டுக்கு 154 ஆட்டங்கள். குழுக்கள் ஊர்விட்டு ஊர் சென்றதெல்லாம் ரயிலில். இரவெல்லாம் வண்டியில் குலுங்கி, காலையில் இறங்கி, பிற்பகல் வெயிலில் நிற்பதன் அலுப்பை ரயில்வேயில் உழைக்கும் நாம் ஓரளவு உணரக்கூடும். விரல்கள் முறிந்தும் ஆடினார்; தலையில் பந்துபட்டு வீழ்ந்த மறுநாளும் ஆடினார். 1934இல் டெட்ராய்ட் நகரில் முதுகுவலியால் நிமிர முடியாத நிலையில், முதல் ஆளாக மட்டை பிடித்து ஓரடி அடித்துவிட்டு உடனே திரும்பிவிட்டார். மஸ்டர் ரோலில் பெயர் விழுந்துவிட்டது! அதைக் கணக்கில் சேர்ப்பது முறையா என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானதே, ஆயினும் 2,130இல் இப்படிப்பட்டது ஒன்றிரண்டே எனும்போது நாம் அதைப் பெரிதுபடுத்த மாட்டோம்.

இத்தனை ஆற்றலிருந்தும் பெரும்புகழ் பிறர் பக்கமே சாய்ந்தது. 1927இல் அவர் 47 ஹோம் ரன் அடித்தார். உடனாடிய பேப் ரூத் 60 அடித்தார். 1932 ஜூன் 3ஆம் நாள் பிலடெல்பியாவில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தார். அன்றுதான் நியூயார்க்கின் மற்றொரு குழுவான ஜயண்ட்ஸின் புகழ்பெற்ற நிர்வாகி ஜான் மெக்ரா பதவி விலகினார். மறுநாள் பத்திரிகைகளின் தலைப்பை அச்செய்தியே கொண்டது. அதே ஆண்டு சிகாகோவில் ரூத் கைகாட்டி அடித்ததாக உலகமே பேசும் ஹோம் ரன்னுக்கு அடுத்ததாகக் கெரிக்கும் ஒன்று அடித்தார். அதை நினைவில் வைத்திருப்போர் எத்தனை பேர்?

1938இல் கைவன்மை சற்றுத் தளர்ந்தது. 1939இல் முற்றும் குலைந்தது. முதல் எட்டு ஆட்டங்களில் 28 முறை மட்டை பிடித்து நான்கு அடிகளே பெற்றார். ஓடும்போது கால் தடுமாறியது. யாருக்கும் காரணம் விளங்கவில்லை. அவரை நீக்கும் துணிவு நிர்வாகி ஜோ மெக்கார்த்திக்கு இல்லை. நீக்கும்படி சொல்லத் தோழர்களுக்கு மனமில்லை. ஏப்ரல் 30ஆம் நாள், எவரும் செய்யக்கூடிய ஒரு சாதாரணக் காவலைக் கெரிக் மிகவும் வருந்திச் செய்து முடித்தார். தோழர்கள் ஓடிவந்து அருமை அருமை என்று பாராட்டினர். அந்தப் பாராட்டே அவரைச் சுட்டது. இத்தகைய எளிய வேலைக்கும் தம்மைப் புகழும் நிலை வந்துவிட்டது என்று உணர்ந்தார்.

மே 2ஆம் நாள் டெட்ராய்ட்டில் அவரே மெக்கார்த்தியிடம் சென்று, குழுவின் நலத்துக்காகத் தம்மை விலக்கிவிடுமாறு கேட்டுக்கொண்டார். குழுத்தலைவர் என்ற முறையில், தம் பெயரில்லாத ஆட்டக்காரர் பட்டியலைத் தாமே நடுவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒலிபெருக்கியில் செய்தி கேட்ட மாற்றூர் மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். அன்று யாங்கீஸ் 22க்கு 2 என்று வென்றது. பழைய வாலி பிப் அன்று அவ்வூரில் இருந்தார் என்பது வியப்பிற்குரியது. கெரிக் நிறுத்திய கணக்கை 56 ஆண்டுகளுக்குப் பின், 1995இல், கால் ரிப்கன் என்பவர் கடந்தார்.

தமது 36ஆம் பிறந்த நாளன்று மேயோ மருத்துவமனையில் நோய் இன்னதென்று தெரிந்தது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழியும் கொடிய நோய். பலருக்கு அறிவு தெளிவாகவே இருக்கும். அமெரிக்காவில் இன்றும் அதை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

1939 ஜூலை 4ஆம் நாள் யாங்கி மைதானத்தில் 61,808 பேர் கூடினர். 1927ஆம் ஆண்டுத் தோழர்கள் வந்திருந்தனர். பல்லாண்டு பேச்சுவார்த்தையற்றிருந்த ரூத் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவர் அணிந்த 4ஆம் எண்ணை இனி எவருக்கும் தருவதில்லை என்று குழு முடிவு செய்தது; பேஸ்பாலில் அதுவே முதன்முறை. கெரிக் முதலில் பேச இயலாது நின்றார். பிறகு, தமக்கு நேர்ந்த கேட்டைச் சில சொற்களில் ஒதுக்கிவிட்டு, தாம் பேறு பெற்றவரென்றே கூறினார். நிர்வாகிகள், தோழர்கள், பெற்றோர், மனைவியார் எலினார் ஆகியோரோடு, மைதானத்தைச் செப்பனிடும் பணியாளரையும் மறவாது நன்றி சொன்னார்.

அதன்பின் நியூயார்க் மேயர் லகார்டியா, தண்டனைக் காலம் முடியுமுன் கைதிகளை விடுவிப்பது பற்றி ஆராயும் ஆணையத்தில் அவருக்கு ஓர் உத்தியோகம் அளித்தார். 1938இல் 39,000 டாலர் பெற்றவருக்கு இங்கே ஆண்டுச் சம்பளம் 5,700 டாலர். கூடுதல் ஊதியம் தரும் அழைப்புகளை விலக்கி இதனையே ஏற்றார். 1940 ஜனவரி முதல் அலுவலகம் சென்று, கோப்புகளைப் படித்து, கைதிகளைக் கண்டு பேசினார். கை எழுதாதபோது மனைவியார் உடனிருந்து கையெழுத்துக்கு உதவினார். இறுதி ஒரு மாத அளவில்தான் அலுவலகம் செல்வது நின்றது.

1941 ஜூன் 2ஆம் நாள் தம் இல்லத்தில் இயற்கை எய்தினார். 38 வயது நிறைய 17 நாட்கள் இருந்தன. வாலி பிப்பின் இடத்தில் அவர் நின்ற நாளிலிருந்து கணக்கிட்டால், நாள் தவறாமல் 16 ஆண்டுகள்.