ஓசையும் இசையும்: பியேர் ஷேபர் வரலாறு

யாப்பிலக்கணம் கற்பிக்கும் எனக்கு ஓசை என்றால் செப்பல், அகவல், துள்ளல், தூங்கல் என்பனவே நினைவில் எழும். ஆகவே, புகையிரதத்தின் இரைச்சலை ஒருவர் இசையாக்கினார் எனக் கேள்வியுற்றபோது நகைத்தேன். அவர் வரலாற்றை அறிந்தபின் அந்நகைப்பு அகன்றது. அவரே பிரான்சு நாட்டினரான பியேர் ஷேபர்.

அவர் 1910 ஆம் ஆண்டு நான்சி நகரிற் பிறந்தார். தந்தையார் வயலின் கலைஞர்; தாயார் பாடகி. மைந்தரோ பொறியியல் கற்று, 1936 இல் வானொலிப் பணியிற் புகுந்தார். செருமானியர் பாரிசைக் கைப்பற்றியிருந்த காலத்தில் அவர் நிறுவிய ஒலிக்கூடம், விடுதலை விரும்பியோர்க்குப் புகலிடமாயிற்று. 1944 ஓகஸ்ட் மாதத்தில் அந்நகரின் விடுதலைக் குரலை வானொலியில் எழுப்பியோருள் அவரும் ஒருவர்.

1948 மே மாதத்தில் அவர் பாரிசிலுள்ள பத்திஞோல் புகையிரத நிலையத்துக்கு ஒலிப்பதிவு செய்யச் சென்றார். ஒருவர் ஊதலை ஒலிக்க மற்றையோர் விடையிறுக்குமாறு, அவ்வப்போது தோன்றியவாறே ஒலியெழுப்பும்படி எஞ்சின் சாரதிகளை வேண்டினார். கற்பனாசுரம் பாடும் வித்துவானிடம் நாம் எதிர்பார்ப்பதை அவர் கரிபடிந்த தொழிலாளரிடம் எதிர்பார்த்தார்! ஆயின், பதிந்ததைக் கேட்டபோது ஓர் இடர் தோன்றிற்று. செவியிற் பட்டது இசையன்று, புகையிரதமே. ஒவ்வோர் ஒலியும் தான் பிறந்த இடத்தையே கூறி நின்றது.

இவ்விடரைக் களையும் வழி இசைத்தட்டிற் கிடைத்தது. தட்டிலுள்ள தவாளிப்பு, சுருளாகச் செல்லாது வட்டமாக மூடிக்கொள்ளின், ஊசி ஒரே துணுக்கை மீண்டும் மீண்டும் ஒலிக்கும். ஒரு சொல்லைப் பன்முறை உச்சரித்தாற் பொருள் நழுவி ஒலி மட்டும் எஞ்சுவதை மாணவர் அறிவர். அவ்வாறே புகையிரதம் மறையத் தாளம் எஞ்சிற்று. மணியை அடிக்கும் கணத்தை நீக்கிப் பதிந்தபோதோ, அது மணியெனவே தோன்றவில்லை.

இம்முறையில் அமைந்த ஐந்து ஆக்கங்கள் அவ்வாண்டு ஒக்டோபர் 5 ஆம் நாள் வானொலியில் ஒலித்தன. அவற்றுட் புகையிரத ஆக்கம் மூன்று நிமிடத்துக்கு உட்பட்டது. பின்னர், பியேர் ஆன்றியுடன் கூடி இயற்றிய, 'தனிமனிதனுக்கோர் சிம்பொனி' எனப் பொருள்படும் ஆக்கம் 1950 இல் அரங்கேறிற்று. 1966 இல் ஒலிகளை வகுத்தாராயும் பெருநூலொன்றை வெளியிட்டார். 1968 முதல் பாரிசு இசைக் கல்லூரியிற் கற்பித்தார். இன்று மழையொலியையும் சந்தை இரைச்சலையும் பதிந்து இசை சமைப்போர் யாவரும் அவருக்குக் கடன்பட்டவரே.

ஆயினும், முதுமையில் அவர் தம் முயற்சி தோல்வியுற்றதென்றும், சுரங்களுக்கு அப்பால் இசையைத் தாம் கண்டிலர் என்றும் வெளிப்படக் கூறினார். 1995 இல் மறைந்தார்.

அவர் தம்மீது வழங்கிய தீர்ப்பை நான் முற்றும் ஏற்கிலேன். இசைதல் என்பதற்குப் பொருந்துதல் என்பதும் பொருளன்றோ? அவ்வாக்கத்தை முதன்முறை கேட்டபோது புகையிரதத்தையே கேட்டேன். பத்தாம் முறையில், ஒலிகள் தம்முட் பொருந்துவதைக் கேட்டேன். எனினும், தாம் வளர்த்த கொள்கையைத் தாமே ஐயுற்று உரைத்த அந்நேர்மையை வணங்குகின்றேன். முப்பதாண்டு வகுப்பறையில் நின்ற எனக்கு, நான் கற்பித்தது தவறு என ஒருமுறை கூறுவதே எத்துணை அரிதென்று தெரியும்.