பகலில் வாத்தியார், இரவில் படக்கதை!

கட்டம் கட்டமாகப் படம். ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு வரி எழுத்து. பேரன் படித்துக்கொண்டிருந்தால் தாத்தாவும் எட்டிப் பார்ப்பார். அதுதான் படக்கதை! இன்று நாம் காணும் உருவில் இதற்கு முதன்முதலில் வழி போட்டவர் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் மனிதர், முழுநேர ஓவியர் அல்ல. அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரத்துக்காரர். பெயர் ரொடால்ப் டோப்பர்.

1799-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி பிறந்தார். தகப்பனார் பேர்பெற்ற ஓவியர். கேலிச் சித்திரமும் போடுவார். மகனுக்கும் தகப்பன் வழியே தூரிகை பிடிக்கத்தான் ஆசை. ஆனால், கண்ணில் வந்த நோய் குறுக்கே நின்றது. மணிக்கணக்கில் உட்கார்ந்து வர்ணம் தீட்டும் தொழில் இனி ஆகாது என்றாகிவிட்டது. இருபது வயதில் பாரிஸ் போய் வந்தார். கண் தேறவில்லை. வயிற்றுப் பிழைப்புக்கு வழி வேண்டுமே! ஊர் திரும்பியதும் ஒரு பள்ளியில் உதவி உபாத்தியாயராகச் சேர்ந்தார்.

மனைவியின் சீதனம்

1823-ல் கல்யாணம். மனைவி கொண்டு வந்த சீதனத்தை வைத்து, மறு ஆண்டே சொந்தமாக ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். பல தேசத்துப் பையன்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். வீடும் பள்ளியும் ஒன்றுதான். தமது நான்கு குழந்தைகளோடு ஊரார் பிள்ளைகளையும் கட்டி மேய்க்க வேண்டும். கோடை வந்தால் பையன்களைக் கூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் கால்நடையாகச் சுற்றுவார். அந்தப் பயணங்களில் மனைவியும் கூட நடந்தார். அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் அல்ல.

இத்தனைக்கும் நடுவே நேரம் எது? மாலையில் பையன்கள் பாடம் படிக்கும் வேளைதான். விளக்கடியில் உட்கார்ந்து பேனாவால் கிறுக்க ஆரம்பிப்பார். பையன்கள் சுற்றி நின்றுகொண்டு அடுத்த படம் என்ன என்று கழுத்தை நீட்டுவார்கள். இப்படித்தான் 1827-ல் "மிஸ்டர் வியூ புவா" கதை பிறந்தது. காதலி கிடைக்காத ஏக்கத்தில் ஓயாமல் உயிரை விடப் பார்க்கும் ஒரு மனிதர். ஒவ்வொரு தடவையும் பிழைத்துக்கொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்!

வர்ணம் இல்லை, நிழல் வேலை இல்லை. வேகமாக ஓடும் கோடுதான். பலவீனமான கண்ணுக்கும், அரை மணி கிடைத்தால் போதும் என்றிருந்த வாழ்க்கைக்கும் அந்தக் கோடு பொருந்தியது. கண் நன்றாக இருந்திருந்தால் தகப்பனாரைப் போல் இயற்கைக் காட்சிகள் வரைந்துகொண்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மகாகவியின் பாராட்டு

வெகு காலம் அந்த நோட்டுப் புத்தகங்கள் நண்பர்கள் கைக்குள்ளேயே சுற்றின. ஜெர்மனியின் வைமார் அரண்மனையில் ஆசிரியராக இருந்த சொரே என்ற ஜெனீவாக்காரர், அவற்றை மகாகவி கதேயிடம் காட்டினார். அப்போது கதேக்கு வயது 80-க்கு மேல். ஒரே மூச்சில் பார்த்து முடிக்க மனமின்றி, சில பக்கங்கள் பார்ப்பதும் நிறுத்துவதுமாக ரசித்தாராம் கிழவர். இவ்வளவு திறமை உள்ளவர் இன்னும் கனமான விஷயத்தை எடுத்தால் என்ன செய்யமாட்டார் என்றும் நினைத்தார். 1832 மார்ச்சில் கதே காலமானார்.

அதே 1832-ல் டோப்பருக்கு ஜெனீவா அகாடமியில் இலக்கியப் பேராசிரியர் பதவி கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் சங்கடமும் கூடவே வந்தது. மதிப்பான உத்தியோகம், நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர். பேராசிரியர் கோமாளிப் படம் போடுகிறார் என்று ஊர் சிரித்தால் பள்ளி என்னாவது? குடும்பம் என்னாவது? 1833-ல் "மிஸ்டர் ஜாபோ" அச்சாகியும், 1835 வரை அவர் அதைக் கடைக்கு அனுப்பவில்லை. பெரிய மனிதர்கள் கூட்டத்தில் எப்படியாவது ஒட்டிக்கொள்ளத் துடிக்கும் ஒரு பகட்டுக்காரனின் கதை அது.

துணிந்தபின் அவர் நிற்கவில்லை. 1837-ல் "மிஸ்டர் கிரெப்பான்". பதினோரு பிள்ளைகளைப் பெற்ற ஒரு தகப்பன், அவர்களுக்குப் பாடம் சொல்ல வாத்தியார் மேல் வாத்தியாராக மாற்றிப் பார்க்கிறான். ஒவ்வொரு வாத்தியாரும் ஒவ்வொரு முறையோடு வந்து வீட்டையே கலக்குகிறார். பள்ளி நடத்திப் பிழைக்கும் ஒருவர் தம் தொழிலையே இப்படிக் கேலி செய்ய எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

அச்சிலும் சுலபமான வழி கண்டார். கல்லச்சில் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். அவரோ விசேஷ மையால் காகிதத்தில் நேராக வரைந்து, அதைக் கல்லில் பதித்துக்கொள்ளும் முறையைக் கையாண்டார். படமும் எழுத்தும் அவர் கைப்பட்டபடியே அச்சில் வந்தன.

பெயர் பரவியது, திருட்டும் பரவியது. 1839-ல் பாரிஸில் ஒபேர் என்ற பதிப்பகம் அவர் புத்தகங்களைக் காப்பி அடித்து விற்றது. "வியூ புவா" 1841-ல் லண்டனில் இங்கிலீஷில் வந்தது. மறு ஆண்டு நியூயார்க்கில் ஒரு பத்திரிகை அதை அப்படியே இணைப்பாகப் போட்டுவிட்டது. 1845-ல் "கிரிப்டோகாம்" பாரிஸின் "இல்லுஸ்த்ராசியோன்" பத்திரிகையில் தொடராக வந்தது. பத்திரிகையை நடத்தியவர் அவருடைய உறவினர். அங்கே மரக்கட்டை அச்சு என்பதால், அவருடைய படங்களை ஷாம் என்ற ஓவியர் திரும்ப வரைந்தார்.

அதற்குள் உடல் தளர்ந்துவிட்டது. விஷி ஊற்று நீர் வைத்தியமும் பலிக்கவில்லை. அந்த நிலையிலும் 1845-ல், மனித முகத்தைச் சில கோடுகளில் பேச வைப்பது எப்படி என்று ஒரு சிறு நூல் எழுதினார். 1846 ஜூன் 8-ந் தேதி ஜெனீவாவில் காலமானார். வயது 47.

பையன்களோடு மலை சுற்றிய கதைகளின் முதல் தொகுதியை அவர் 1844-ல் அச்சில் பார்த்தார். இரண்டாம் தொகுதி 1854-ல்தான் வந்தது.