டாம் கிட்வுட்

டாம் கிட்வுட் (1937 – 1998) மறதிநோய்ப் பராமரிப்பில் புதிய அணுகுமுறை ஒன்றை உருவாக்கிய ஆங்கிலேய உளவியலாளர் ஆவார். பிராட்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவர், நோயைவிட நோயுற்ற மனிதரையே முதலில் காண வேண்டும் என்று பராமரிப்பு இல்லப் பணியாளர்களுக்குக் கற்பித்தார். இவ்வணுகுமுறை நபர்மையப் பராமரிப்பு எனப்படுகிறது.

இளமையும் கல்வியும்

கிட்வுட் இங்கிலாந்தின் லிங்கன்சயர் மாவட்டத்திலுள்ள பாஸ்டன் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்று 1960 இல் பட்டம் பெற்றார். பின்னர் இறையியல் கற்று ஆங்கிலிக்கத் திருச்சபையின் குருவானார். பள்ளியொன்றில் வேதியியல் கற்பித்தபின் குடும்பத்துடன் உகாண்டா சென்று அங்கும் ஆசிரியராக இருந்தார். இடி அமீன் ஆட்சியைக் கைப்பற்றியபின் நாடு திரும்பி, 1970களில் பிராட்போர்டு பல்கலைக்கழகத்தில் இணைந்தார். காலப்போக்கில் குருப்பணியிலிருந்து விலகினார். பதின்வயதினரின் விழுமியங்களைப் பற்றிய இவரது ஆய்வு 1980 இல் நூலாக வெளிவந்தது. மறதிநோயின் பக்கம் இவர் திரும்பியது 1980களின் நடுப்பகுதியில்தான்.

மறதிநோய் பற்றிய கருத்து

அக்காலத்தில் மறதிநோய் முற்றிலும் மூளைச் சிதைவின் விளைவாகவே கருதப்பட்டது. மருந்து கண்டறியப்படும்வரை நோயாளியைக் குளிப்பாட்டி, உணவூட்டி, பாதுகாப்பாக வைத்திருப்பதன்றிச் செய்வதற்கு வேறொன்றும் இல்லை என்ற எண்ணம் பரவலாக இருந்தது. மூளைச் சிதைவைக் கிட்வுட் மறுக்கவில்லை. ஆனால், இறந்தபின் மூளையை ஆய்ந்தால் காணப்படும் சேதத்தின் அளவும், வாழ்ந்த காலத்தில் வெளிப்பட்ட நோயின் கடுமையும் எப்போதும் பொருந்துவதில்லை என்பதை இவர் சுட்டிக்காட்டினார். ஒருவரின் ஆளுமை, வாழ்க்கை வரலாறு, உடல்நலம் ஆகியவற்றுடன், சுற்றியுள்ளோர் அவரை நடத்தும் விதமும் நோயின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பது இவரது வாதம்.

இவற்றுள் கடைசிக் காரணியே இவரது ஆய்வின் மையமாயிற்று. முதியவருக்கு உணவூட்டிக்கொண்டே அவர் அங்கில்லாததுபோல் சக பணியாளருடன் பேசுதல், அவரால் ஈடுகொடுக்க இயலாத வேகத்தில் உடை மாற்றுதல், அவரே செய்யக்கூடியதைப் பறித்துச் செய்தல், குழந்தையைப்போல் நடத்துதல், இணங்கவைப்பதற்காகப் பொய் சொல்லுதல் முதலியவற்றை இவர் தொகுத்தார். 1997 இல் வெளிவந்த இவரது முதன்மை நூலில் இத்தகைய நடத்தைகள் 17 வகைகளாகத் தரப்பட்டுள்ளன. இவற்றைக் கேடுவிளைக்கும் சமூக உளவியல் என்றார். சொல் கடுமையானது; எனினும் பணியாளர்களைத் தீயவர்களாக இவர் கருதவில்லை. அன்புடன் பணிபுரிவோரும், தாம் நுழைந்த இல்லத்தின் வழக்கங்களை அறியாமலேயே பின்பற்றுகின்றனர் என்றே விளக்கினார்.

ஆறுதல், பற்றுறவு, உள்ளடங்கல், ஈடுபாடு, அடையாளம் என்னும் ஐந்து தேவைகளை, அன்பை நடுவில் கொண்ட மலரின் இதழ்களாக இவர் வரைந்து காட்டினார். பயிற்சி வகுப்புகளில் இப்படம் பெரிதும் பயன்படுத்தப்பட்டது.

பணியாளர் பயிற்சி

கேத்லீன் பிரெடினுடன் இணைந்து, மறதிநோய்ப் பராமரிப்பு வரைபடமாக்கல் என்னும் அவதானிப்பு முறையைக் கிட்வுட் உருவாக்கினார். பயிற்சி பெற்ற ஒருவர் இல்லத்தின் பொதுக்கூடத்தில் பல மணிநேரம் அமர்ந்து சில முதியவர்களைக் கவனிப்பார். ஒவ்வொரு 5 நிமிடத்திற்கும், ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்பதும் அவரது நலநிலையும் குறியீடுகளாகப் பதியப்படும். தொடக்கப் பதிப்பில் நலநிலை +5 முதல் -5 வரை ஆறு படிகளில் அளக்கப்பட்டது. படுக்கையறையிலும் குளியலறையிலும் அவதானிப்பதில்லை. பின்னர் பதிவுகள் பணியாளர்களிடமே காட்டப்படும். ஒரு முதியவர் காலை முழுவதும் எவருடைய பேச்சுக்கும் ஆளாகாமல் அமர்ந்திருந்தார் என்பதைக் குறை கூறுவோரின் வாயால் கேட்பதற்கும், வரிசையாக எழுதப்பட்ட குறியீடுகளில் தாமே காண்பதற்கும் வேறுபாடு உண்டு.

1992 இல் பிராட்போர்டு மறதிநோய்க் குழு தொடங்கப்பட்டது. பணியாளர்களை மதிக்காத நிறுவனம் முதியவர்களை மதிக்கும்படி அவர்களிடம் எதிர்பார்க்க இயலாது என்பதையும் கிட்வுட் வலியுறுத்தினார். பயிற்சியை மட்டும் பின்பற்றிய இல்லங்கள் பல இப்பகுதியை மறந்துவிட்டன.

மறைவும் பின்னரும்

அல்சைமர் நோயைக் கண்டறிந்த அலோயிஸ் அல்சைமரின் பெயரில் அமைந்த பேராசிரியர் பதவி பிராட்போர்டில் இவருக்கு அளிக்கப்பட்டது. 1998 நவம்பரில், 61 ஆம் வயதில், எதிர்பாராமல் காலமானார்.

இவரது கருத்துகளுக்குப் போதிய சோதனைச் சான்று இல்லை என்பது அப்போதே எழுந்த விமர்சனம் ஆகும். சான்று பின்னரே வந்தது. அதுவும் ஒருமுகமாக இல்லை. 2009 இல் சிட்னியின் 15 இல்லங்களைச் சேர்ந்த 289 முதியவர்களிடம் நடத்திய ஆய்வில், நபர்மையப் பராமரிப்பும் வரைபடமாக்கலும் மனக்கிளர்ச்சியைக் குறைத்தன. இங்கிலாந்தின் 50 இல்லங்களில் நடத்தப்பட்டு 2020 இல் வெளியான ஆய்விலோ வரைபடமாக்கலால் பயன் காணப்படவில்லை. பெரும்பாலான இல்லங்கள் அம்முறையைத் திட்டமிட்ட சுற்றுகள்வரை செய்து முடிக்கவில்லை. பயிற்சி பெற்றவர்கள் வேலையை விட்டு விலகியதும், இருந்தோர்க்கு நேரம் ஒதுக்கப்படாததும் அதற்கான காரணங்களுள் அடங்கும்.